சூரியன் வடக்கே திரும்புவது என்றைக்கு?

சென்ற வருஷத்துப் பொங்கலன்று, சென்னையில் நமது நண்பர் ஒருவருடைய வீட்டில் ஒரு சிறு கலகம் நடந்தது. கலகம் என்றதும், சொத்துத் தகராறோ, சம்பந்திச் சண்டையோ என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். வழக்கு சூரிய பகவானைப் பற்றியது.

பால் பொங்கி, பூஜை முடிந்து, எல்லோரும் இலையில் உட்கார்ந்த சமயம். "இன்றைக்கு உத்தராயணம் பிறந்துவிட்டது. இனிமேல் சூரியன் வடக்கே போக ஆரம்பித்து விடுவார்" என்று பாட்டியம்மாள் சொன்னார். எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி சும்மா இருக்கவில்லை. "இல்லை, பாட்டி! அவர் திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. டிசம்பர் 22-ந் தேதியே திரும்பிவிட்டார். எங்கள் பாடத்தில் இருக்கிறது" என்றாள்.

"உங்கள் பாடத்தை எழுதினவர் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறாரோ?" என்றார் பாட்டி.

தாயாருக்கும் மகளுக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்ட நமது நண்பர், இக்காலத்துக் குடும்பத் தலைவர்கள் செய்யும் காரியத்தையே செய்தார். கைப்பேசியை எடுத்து, செயற்கை நுண்ணறிவு யந்திரத்தைத் தமிழில் கேட்டார். "தை மாதம் முதல் தேதியன்று சூரியன் வடதிசை நோக்கிய பயணத்தைத் தொடங்குகிறது" என்று அழகான தமிழில் பதில் வந்தது. பாட்டிக்கு வெற்றி! பேத்தி கைப்பேசியைப் பிடுங்கி அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள். "டிசம்பர் 21 அல்லது 22" என்று அதே யந்திரம் சொல்லிற்று. பேத்திக்கு வெற்றி!

வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் ஆஜரானால் வழக்கு எப்படித் தீரும்? இலையில் இருந்த நம்மை மத்தியஸ்தம் செய்யும்படி கேட்டார்கள். "சூரியனைப் பற்றிய வழக்கில் சூரியனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விடுவோம். ஆனால் அதற்கு அடுத்த மார்கழி வரையில் பொறுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பாயசத்தைக் கவனிக்கத் தொடங்கினோம்.

சூரியன் சொன்ன சாட்சி

பெண் மறக்கவில்லை. டிசம்பர் மாதம் பிறந்ததும் மொட்டை மாடியில், சமமான தரையாகப் பார்த்து, ஒரு மீட்டர், அதாவது 100 சென்டிமீட்டர் உயரமுள்ள கம்பு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினாள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு சாயாமல் நிற்கிறதா என்று சரிபார்த்துக் கொண்டாள். பகல் பதினொன்றே முக்கால் முதல் பன்னிரண்டரை வரையில், ஐந்து நிமிஷத்திற்கு ஒரு தரம் நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைப்பாள். அவற்றுள் மிகக் குட்டையான நிழலே அன்றைய உச்சிவேளை நிழல். சென்னையில் அந்த வேளை டிசம்பர்க் கடைசியில் கடிகாரப்படி பன்னிரண்டே கால் மணிக்குச் சற்று முன்னும், ஜனவரி நடுவில் அதற்குச் சற்றுப் பின்னும் வருகிறது. கடிகாரத்தின் பன்னிரண்டு மணி வேறு, சூரியனுடைய நடுப்பகல் வேறு என்பது அவள் முதலில் கற்ற பாடம்.

மழைக் காலமாதலால் பல நாள் சூரிய தரிசனமே கிடைக்கவில்லை. நிழலின் ஓரமும் கத்தியால் வெட்டினாற்போல் இராது, சற்றே மங்கலாயிருக்கும். ஆயினும் கிடைத்த நாட்களின் கணக்கு அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. டிசம்பர் 10-ந் தேதி நிழலின் நீளம் 72½ சென்டிமீட்டர். 22-ந் தேதி 74. ஜனவரி 1-ந் தேதி 73. பொங்கலுக்கு முன் கடைசியாக அளந்தபோது 69-க்கும் குறைவு.

சூரியன் தெற்கே எவ்வளவு தூரம் போகிறானோ, அவ்வளவுக்கு நமது ஊரில் உச்சிவேளை நிழல் வடக்கே நீளும். நிழல் குறைய ஆரம்பித்தால் சூரியன் வடக்கே திரும்பிவிட்டான் என்று பொருள். டிசம்பர் 22-ந் தேதிக்கும் பொங்கலுக்கும் இடையே நிழல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது. ஆகவே, பொங்கலன்று சூரியன் திரும்பவில்லை. திரும்பி வெகு தூரம் வந்துவிட்டான்.

இந்த வருஷத்துப் பொங்கலன்று பேத்தி நோட்டுப் புத்தகத்தைப் பாட்டியிடம் காட்டினாள். பாட்டியம்மாள் மாடிக்கு வந்து சுண்ணக்கட்டிப் புள்ளிகளைத் தாமே பார்த்தார். பிறகு, "பாடம் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை, அந்த யந்திரம் சொன்னதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சூரியனே சொன்னால் கேட்க மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்?" என்றார். விஞ்ஞான சாஸ்திரத்தின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

பாட்டி சொன்னதும் பொய்யல்ல

அப்படியானால் நம் முன்னோர்கள் தவறு செய்தார்களா? இல்லை. இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயருக்குள் புகுந்து கொண்டிருக்கின்றன.

பூமி தன்னைத் தானே சுற்றும் அச்சு நேராக நிற்கவில்லை. 23½ பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்தபடியே அது சூரியனை ஒரு வருஷத்தில் சுற்றி வருகிறது. ஆகையால் ஆறு மாதம் பூமியின் வட பாதியும், ஆறு மாதம் தென் பாதியும் சூரியன் பக்கமாகச் சாய்கின்றன. நமக்கோ, சூரியன் வடக்கும் தெற்குமாக ஊசலாடுவதைப்போல் தோன்றுகிறது. சென்னையில் டிசம்பர்க் கடைசியில் பகற்பொழுது சுமார் 11 மணி 20 நிமிஷம். ஜூன் கடைசியில் சுமார் 12 மணி 50 நிமிஷம். பருவங்கள் மாறுவது இதனால்தான்.

பூமி சூரியனுக்கு அருகில் போனால் வெயில் காலம், தூரத்தில் போனால் குளிர் காலம் என்று படித்தவர்களிலும் அநேகர் நினைக்கிறார்கள். மார்கழி மாதத்து விடியற்காலையில் கோலம் போட்டவர்களைக் கேட்டால் தெரியும்! ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் இந்தத் தூரம் சுமார் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர். அருகிலிருக்கும் போது நமக்குக் குளிர். ஆகவே காரணம் தூரமன்று, சாய்வு.

இனி, தை முதல் தேதி என்பது என்ன? நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடையாளமாக வைத்துச் சூரியனுடைய இடத்தைக் குறிக்கிறது. மகர ராசியில் சூரியன் புகும் நாள் தை முதல் தேதி. சுமார் 1,700 வருஷங்களுக்கு முன்பு, சூரியன் மகரத்தில் புகும் நாளும் வடக்கே திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. ஆனால் பூமியின் அச்சு, வேகம் தணிந்த பம்பரத்தைப்போல், மெதுவாகத் தலையைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 வருஷம். இதனால் 72 வருஷத்திற்கு ஒரு நாள் வீதம் இரண்டு நாட்களும் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி உண்டாகியிருக்கிறது. பாட்டி சொன்ன மகர சங்கராந்தி உண்மை. பேத்தி சொன்ன திரும்பு நாளும் உண்மை. உத்தராயணம் என்ற பெயர் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

சுதந்திர பாரதம் இதைக் கவனிக்காமல் இருக்கவில்லை. 1952-ஆம் வருஷத்தில் டாக்டர் மேகநாத் சாஹாவின் தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டி நியமிக்கப்பட்டது. 1955-ல் அதன் அறிக்கை வெளியாயிற்று. 1957-ஆம் வருஷம் மார்ச் 22-ந் தேதி முதல் நமது தேசியப் பஞ்சாங்கம் அமலுக்கு வந்தது. அதில் வருஷப் பிறப்பு, பகலும் இரவும் சமமாயிருக்கும் நாளை அடுத்து வருகிறது. தேசியக் கொடி நமக்குத் தெரியும். தேசியப் பஞ்சாங்கத்தைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

யந்திரம் ஏன் இரண்டு நாக்குப் பேசிற்று?

இப்போது வக்கீலைக் குறுக்கு விசாரணை செய்வோம். 2022-ஆம் வருஷம் நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், இத்தகைய உரையாடும் யந்திரங்கள் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டன. இவை வானத்தைப் பார்த்தவை அல்ல. வானத்தைப் பற்றி மனிதர்கள் எழுதியதை மலை மலையாகப் படித்தவை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து பழகிக் கொண்டு, அந்தப் பழக்கத்தினால் பதிலைச் சொல் சொல்லாகத் தொடுக்கின்றன. சில யந்திரங்கள் இணையத்தைத் தேடியும், கணக்குக் கருவிகளைத் துணைக்கு அழைத்தும் பதில் சொல்லுகின்றன. அதனால் பிழை குறைகிறது; அற்றுப் போகவில்லை.

தமிழில் உத்தராயணத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் தை முதல் தேதி என்றே எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் வான சாஸ்திரம் எழுதியவர்கள் டிசம்பர் என்று எழுதினார்கள். யந்திரம் இரண்டையும் படித்திருக்கிறது. தமிழில் கேட்டவருக்குத் தமிழர் எழுதியதைச் சொல்லிற்று. ஆங்கிலத்தில் கேட்டவருக்கு ஆங்கிலத்தில் எழுதியதைச் சொல்லிற்று. இரண்டு பதிலையும் ஒரே நிச்சயத்தோடு சொன்னதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். தெரியாததைச் சொல்லும்போது மனிதனுக்குக் குரல் தடுமாறும். யந்திரத்திற்குக் குரல் தடுமாறுவதில்லை.

இப்படிப்பட்ட அதிசயம் நமது நாட்டுக்குப் புதிதன்று. 1825-ஆம் வருஷத்தில் சென்னையில் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலித' என்ற பெரிய நூலை வெளியிட்டார். இவர் சென்னை வான ஆராய்ச்சிச் சாலையில் சில வருஷம் தலைமை வகித்தவர். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அவர் கண்டார். அந்தக் கணிதர் காகிதத்தையும் எழுதுகோலையும் தொடவில்லை. சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைக் கொண்டே, அவ்வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் ஏற்பட்ட பிசகு சுமார் 4 நிமிஷந்தான்! முடியும் நேரத்தில் மட்டும் முக்கால் மணிக்கு மேல் பிசகிற்று. ஆனால் அந்தக் கணக்குகளின் காரணத்தை அவர் அறியவில்லை என்று வாரன் எழுதி வைத்தார்.

அந்தக் கணிதருடைய ஞாபக சக்திக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் வாசகர்கள் யோசிக்கட்டும். கி.பி. 499-ல், தமது இருபத்து மூன்றாம் வயதில், பூமி தன்னைத் தானே சுற்றுகிறது என்று சொல்லத் துணிந்த ஆரியபட்டர் பிறந்த நாடு இது. அந்நாட்டில், கணக்கு பிழைத்தது; காரணம் மறைந்தது. வாய்பாடு வாய்க்கு வாய் வந்துகொண்டிருந்தது. வானத்தை நிமிர்ந்து பார்த்து, கணக்கு ஒத்திருக்கிறதா என்று சோதிக்கும் வழக்கம் தேய்ந்துவிட்டது. பிசகு 72 வருஷத்துக்கு ஒரு நாளாகச் சேர்ந்து கொண்டே போயிற்று. இன்று கைப்பேசியில் வரும் பதிலை அப்படியே பாடப் புத்தகத்தில் எழுதிக் கொள்ளும் குழந்தையும், அதே சோழிகளைத்தான் பரப்புகிறது. சோழிகள் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு!

யந்திரத்தை விரட்ட வேண்டுமா?

வேண்டாம். ராட்டையைப் போற்றியவர்கள் ரயிலில் ஏற மறுக்கவில்லை. இந்த யந்திரத்தினிடம் பெரிய குணம் ஒன்று உண்டு: பொறுமை. ஒரே கேள்வியை ஒன்பது தரம் கேட்டாலும் அது சலித்துக் கொள்ளாது. வகுப்பில் கேட்க வெட்கப்படும் பிள்ளை இதனிடம் வெட்கப்படுவதில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தாய்மார்களும், இரவில் அடுக்களை வேலை முடிந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

பெரிய விஞ்ஞானிகளே இவ்வகை யந்திர அறிவைத் துணைக் கொள்ளுகிறார்கள். ஒரு நட்சத்திரத்தின் முன்னால் அதன் கிரகம் கடந்து செல்லும்போது, நட்சத்திரத்தின் ஒளி கடுகளவு மங்கும். கெப்ளர் தொலைநோக்கி சேகரித்த ஒளிக் குறிப்புகளில் அத்தகைய மங்கல்களைக் கண்டுபிடிக்க, சுமார் 15,000 உதாரணங்களைக் காட்டி ஒரு யந்திரத்தைப் பழக்கினார்கள். மனிதர் கண்ணுக்குத் தப்பியிருந்த கிரகம் ஒன்றை அது சுட்டிக் காட்டிற்று. கெப்ளர்-90 என்ற நட்சத்திரத்தின் எட்டாவது கிரகமாகிய அது 2017-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அறிவிக்கப்பட்டது. ஆனால் யந்திரம் சுட்டியவுடன் அவர்கள் பறையறைந்து விடவில்லை. வேறு காரணம் இருக்கக்கூடுமா என்று சோதித்த பிறகே அறிவித்தார்கள். நாமும் அதையே செய்யலாம்.

எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். சந்திரன் ஏன் தேய்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "பூமியின் நிழல் விழுவதால்" என்று யாராவது ஒருவர் நிச்சயமாகச் சொல்லுவார். உடனே யந்திரத்தைக் கேட்காதீர்கள். வளர்பிறை அஷ்டமியன்று சாயங்காலம் மாடிக்குப் போங்கள். மேற்கே சூரியன் அஸ்தமிக்கும் தறுவாயில் இருக்கிறான். பாதிச் சந்திரன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கிறது. பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில், கிழக்கு அடிவானத்தில் அல்லவா விழும்? அது தலைக்கு மேலிருக்கும் சந்திரனை எப்படி மறைக்கும்? சந்திரனின் ஒளியுள்ள பாதி சூரியனைப் பார்த்து மேற்கு முகமாக இருப்பதையும் கவனியுங்கள்.

பிறகு யந்திரத்தினிடம் போங்கள். "பதிலைச் சொல்லாதே; எனக்குக் கேள்விகளைப் போடு" என்று கேளுங்கள். "நான் கண்டதற்கு நிழல் என்ற காரணம் பொருந்துமா?" என்று கேளுங்கள். சந்திரனின் ஒரு பாதியில் எப்போதும் வெயில். அது பூமியைச் சுற்றிவரும்போது, வெயில் பட்ட பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே வளர்பிறையும் தேய்பிறையும் என்று அது விளக்கும். பூமியின் நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டுமே. மாதந்தோறும் பௌர்ணமியில் கிரகணம் வராததற்குக் காரணம், சந்திரனுடைய பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பது. கண்ட பிறகு கேட்ட விளக்கம் மறக்காது.

இன்னொன்று. இன்று சந்திரோதயம் எத்தனை மணிக்கு, சுக்கிரன் எந்தத் திசையில் தெரியும் என்பன போன்ற கணக்குக் கேள்விகளை உரையாடும் யந்திரத்தினிடம் விட்டுவிடாதீர்கள். அதற்கென்று கணக்கிடும் மென்பொருள்கள் உண்டு. ஸ்டெல்லேரியம் என்பது இலவசமாகவே கிடைக்கிறது. நமது அரசாங்கமும் ராஷ்ட்ரீயப் பஞ்சாங்கத்தைப் பல பாரத மொழிகளில் வெளியிடுகிறது. விளக்கத்துக்கு ஒரு கருவி, கணக்குக்கு ஒரு கருவி, தீர்ப்புக்கு வானம்.

நுங்கம்பாக்கத்துக் கல்

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் வளவிற்குள், கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ல் அங்கே வான ஆராய்ச்சிச் சாலை கட்டியபோது கருவியைத் தாங்க நாட்டியது. ஆசியாவில் கணித சாஸ்திரங்கள் முதன்முதல் பிரிட்டிஷாரின் தாராள மனத்தினால் நடப்பட்டன என்ற கருத்து அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழிலும் அந்தப் புகழ்ச்சி உண்டு! ஆரியபட்டர் இதைப் படித்திருந்தால் புன்சிரிப்புக் கொண்டிருப்பார்.

ஆனால் அதே ஆராய்ச்சிச் சாலையில், சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் என்ற நமது நாட்டவர் உத்தியோகம் பார்த்தார். 1867-ல், ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்து சென்றபோது, அதைப் பற்றி ஜனங்கள் அறிந்து கொள்ளும்பொருட்டு ஆங்கிலத்தோடு நமது நாட்டு மொழிகளிலும் சிறு புத்தகம் வெளிவரச் செய்தார். கல்லில் எழுதிய புகழ்ச்சிக்கு அவர் கண்ணாலும் எழுத்தாலும் பதில் சொன்னார்.

இன்றைக்கு நம்முன் இருக்கும் கேள்வியும் அதுவே. உலகத்தின் அறிவு யந்திரங்கள் தமிழில் தடுமாறுகின்றன என்றால், அவை படிப்பதற்குத் தமிழில் நாம் எழுதி வைத்த விஞ்ஞானம் போதவில்லை என்று பொருள். யாரோ நம் மொழியில் நமக்குப் பாடம் நடத்தட்டும் என்று காத்திருந்தால், மறுபடியும் ஒரு கல் தூணில் பிறர் தாராளத்தைப் பற்றிப் படித்துக் கொண்டிருப்போம். ஒவ்வொரு வீட்டிலும் கண்டதையும் அளந்ததையும் நல்ல தமிழில் எழுதி வைத்தால், நமது குழந்தைகளும் தேறுவார்கள். யந்திரமும் நம்மிடம் பாடம் கேட்கும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு கம்பு, ஒரு நூல், ஒரு சுண்ணக்கட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். வருகிற மார்கழியில் உங்கள் வீட்டு மாடியிலும் நிழலை அளந்து பாருங்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் நிழல் சென்னையைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கும். எவ்வளவு குட்டை, ஏன் குட்டை என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். அளந்த கணக்கைப் பொங்கலன்று பாட்டியிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகு யந்திரத்தினிடமும் காட்டுங்கள். அது என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம்.